விருத்தாசலத்துக்கு வந்த படகு எஞ்சினும் அண்ணன் கேட்ட கேள்வியும்

அண்ணனின் தலைத்திவசத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, புறப்படும் நேரத்தில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் இதைப் பிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் மற்ற வீட்டு மலர்களை அப்படித்தான் பிரித்திருக்கிறேன். முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்போம், பிறகு நம் பேர் வந்திருக்கிறதா என்று நன்றிப் பக்கத்துக்குத் தாவிவிடுவோம். இந்த ஒரு தடவை நடுவில் இருப்பதையும் படித்துவிடுங்கள். உங்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று அதில் இருக்கிறது.

மகன் எழுதுவதுதான் முறை. ஆனால் அண்ணனின் மகன் சென்னையிலிருந்து போன் செய்து, தினமும் அப்பாவோடு வேலையில் இருந்தது அத்தைதான், அத்தையே எழுதட்டும் என்று சொல்லிவிட்டான். அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது.

அண்ணன் இறந்த அன்று நான் அழவில்லை என்பதைப் பலரும் கவனித்தீர்கள். கல்லு மாதிரி நிற்கிறாள் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பாடைக்கு வந்த மூங்கிலில் ஒன்று மற்றதை விடக் குட்டையாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிமுத்தாற்றங்கரையில் சிதைக்குத் தீ வைக்கும்போது, எங்கள் பீங்கான் சூளையில் அடுக்கி வைத்துவிட்டு வந்த சரக்கு என்ன ஆயிற்றோ என்று யோசித்தேன். ஒரு வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தபோதும் அதே நிலைதான். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி மட்டும் தெரியவில்லை.

அண்ணன் அவர்கள் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைக்கு நெல் போட்டார். அண்ணனுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவர் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அண்ணன் பரீட்சை எழுதவில்லை. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் வந்து, பீங்கான் கம்பெனி ஒன்றில் களிமண் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் அச்சு ஊற்றினார், அப்புறம் பிரஸ்ஸில் நின்றார், அப்புறம் சூளை அடுக்கினார். இதையெல்லாம் அவர் கஷ்டம் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மண்ணைக் காலால் மிதித்த வேலைக்கு மூட்டு வலி வராது என்று ஒரு வைத்தியக் குறிப்பு வைத்திருந்தார். அவருக்கு மூட்டு வலி இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் ஏழாவது படித்தபோது, அவர் மத்தியானம் வந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவருடைய சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டேன். தெருமுனை மதகில் மோதி முன்சக்கரம் வளைந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து, எதுவுமே நடக்காதது போலச் சுவரில் சாய்த்து வைத்தேன். அண்ணன் எழுந்து பார்த்தார், வேலைக்கு நடந்தே போனார். மறுநாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"பாப்பா, சைக்கிள் முன்வீலு வளைஞ்சிருக்குது. கோட்டம் எடுத்து சரி பண்ணலாமா, புது ரிம்மே வாங்கிடலாமா? நீ என்ன சொல்ற?"

கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சரி பண்ணலாம்ணே, நான்தான் இடிச்சிட்டேன் என்றேன். "அப்ப சரியே பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அதோடு விஷயம் முடிந்தது. திட்டு இல்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

பிற்காலத்தில் சொந்தமாகத் தொழில் வைத்தபோதும் இதே வழிதான். பிளாஸ்டர் அச்சு உடைந்து கிடந்தால், யார் உடைத்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்யும் எல்லோருக்கும் கேட்கும்படி, அச்சு உடைஞ்சிருக்குது, ஒட்டிக்கலாமா, புதுசு ஊத்தலாமா என்பார். இரண்டு நாளைக்குள் யாராவது ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள். எங்களுக்குள் அதை வைத்துக் கிண்டலும் உண்டு. சரி பண்ணலாமா என்று முதலாளி ஆரம்பித்துவிட்டார், குற்றவாளி எழுந்திரு என்று சொல்லிச் சிரிப்போம். அவர் காதிலும் விழும், அவரும் சிரிப்பார்.

என்னைப் பீங்கான் தொழில் டிப்ளமோ படிக்க வைத்தவர் அண்ணன். பொட்டப் புள்ளைக்கு மண்ணு பிசையப் படிப்பா என்று சொந்தத்தில் கேட்டவர்களுக்கு, பிசையறது நான், படிக்கிறது அவ என்று பதில் சொன்னார். நான் படித்து முடித்த பிறகு, தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். மின்சாரத்துக்கான பியூஸ் கட்டைகள் செய்தோம். கல்யாணம் ஆகி, என் வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகும் நான் அங்கேயேதான் வேலை பார்த்தேன். மண் கலவையும் மெருகுக் கலவையும் என் பொறுப்பு. மெஷின், சூளை, வெளி ஆட்கள் எல்லாம் அண்ணன்.

எங்கள் தொழிலில் மில் என்று ஒன்று உண்டு. கூழாங்கல் போட்ட பெரிய இரும்பு உருளை. அதற்குள் கல்மாவு, களிமண், தண்ணீர் மூன்றையும் போட்டு ஐந்தாறு மணி நேரம் சுற்ற விடவேண்டும். பாதியில் நின்றுவிட்டால் மாவு அடியில் படிந்து இறுகிவிடும். பிறகு ஆள் உள்ளே கையை விட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த வருஷங்களில் எங்கள் மில் நின்று நின்று நாங்கள் தொழிலை மூடும் நிலைக்கு வந்தோம். அப்போதுதான் அண்ணன் ஒரு காதுகுத்துக்காகக் கடலூர் முதுநகர் போனார். துறைமுகத்துப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், ஒரு படகிலிருந்து கழற்றி வைத்திருந்த டீசல் எஞ்சினைப் பார்த்திருக்கிறார். படகுக்காரர் பெரிய எஞ்சின் மாட்டிவிட்டதால் இது சும்மா கிடந்தது. காதுகுத்துக்குப் போனவர் எஞ்சினோடு டெம்போவில் வந்து இறங்கினார். அண்ணி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது.

பச்சை பெயிண்ட் அடித்த, ஒரே சிலிண்டர் எஞ்சின். கூடவே அந்தத் துறைமுகத்து மெக்கானிக் சூசை மேஸ்திரியும் வந்திருந்தார். இரண்டு பேருமாகச் சிமெண்ட் மேடை போட்டு எஞ்சினை உட்கார வைத்து, மில்லுக்குப் பெல்ட் மாட்டினார்கள். தொழிற்பேட்டையே கூடிவிட்டது. "என்னங்க, மணிமுத்தாத்துல கப்பல் வுடப் போறீங்களா?" என்று பக்கத்து ஷெட்காரர் கேட்டார். "மொதல்ல தண்ணி வரட்டுங்க, வுட்டுடலாம்" என்றார் அண்ணன். அன்றிலிருந்து அவருக்குக் கப்பல்காரர் என்று பேர். இந்த மலரை வாங்கியவர்களில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள்.

படகில் இருந்த காலத்தில் அந்த எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, வெந்நீரை வெளியே துப்பிக்கொண்டிருந்தது. இங்கே கடலுக்குப் பதில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் போர் தண்ணீர். தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகும். மேஸ்திரி புறப்படும்போது, "உப்புத் தண்ணி குடிச்சே இத்தினி வருஷம் ஓடுன எஞ்சினுங்க. நல்ல தண்ணியா குடுங்க, உங்கள வுட்டுப் போவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த எஞ்சின் பல வருஷம் ஓடியது. ஹேண்டிலை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். அதன் சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் உங்களைப் படிக்கச் சொன்ன இடம்.

போன வருஷம் கத்திரி வெயிலில், அண்ணியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அண்ணனும் அண்ணியும் மங்களூர் போய்ப் பத்து நாள் தங்கினார்கள். திட்டக்குடிப் பக்கம் இருக்கும் நம் மங்களூர்தான். தொழிலை நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் மத்தியானத்தில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. போரிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. வருகிற கொஞ்சத் தண்ணீர் மண் கலக்கவே பற்றவில்லை. எங்கள் ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தொட்டிகள் உண்டு. மில்லையும் அச்சுகளையும் கழுவிய தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து, மண் படிந்து, மூன்றாவது தொட்டியில் தெளிந்து நிற்கும். நான் எஞ்சின் குழாயை எடுத்துச் சுவருக்கு மேலாக விட்டு, அந்த மூன்றாவது தொட்டிக்குள் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

களிமண்ணில் மிக நுண்ணிய பகுதி தண்ணீரில் நாள்கணக்காக மிதக்கும், கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்ட இடத்தில் ஒட்டி இறுகும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். மண் சுமக்க வந்து தொழில் கற்ற அண்ணன் அந்தத் தண்ணீரை எஞ்சினுக்குக் காட்டியிருக்க மாட்டார். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். பிறகு குழாயை மாற்ற மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. எஞ்சின் அரை மணி நேரத்திலேயே கொதிக்க ஆரம்பித்தபோது காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேள்வி வரும். கெட்டது கெட்டுவிட்டது, இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஆடி, ஆவணியில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. சூடேறிச் சூடேறி உள்ளே பிஸ்டன் ரிங் இறுகிவிட்டது. இரண்டு சுற்றில் பிடித்த எஞ்சினுக்குப் பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று ஹேண்டில் போட வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பழைய இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜெனரேட்டர் வாங்குங்கள் என்றார்கள். அண்ணன் கேட்டுக்கொண்டே ஹேண்டிலைத் துடைத்து வைப்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டு, நான் மெருகுக் கலவையை எடை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"பாப்பா, எஞ்சின சரி பண்ணலாமா, புதுசா ஜெனரேட்டரே வாங்கிடலாமா? நீ என்ன சொல்ற?"

நான் நிமிரவில்லை. "பாக்கலாம்ணே" என்றேன்.

அவர் தராசைப் பார்த்தார். பிறகு டிபன் கேரியரைக் கழுவப் போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து, யோசித்தாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. எஞ்சினைச் சரி செய்யவும் இல்லை, புதியது வாங்கவும் இல்லை. அப்படியே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன். எல்லாவற்றையும் என்னைக் கேட்டுச் செய்கிற வழக்கப்படி இதையும் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டேன். சைக்கிள் ஞாபகம் எனக்கு வராமல் இல்லை. வந்தது, தள்ளிவிட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஒரு நாள். காலை ஒன்பது மணிக்கு மில் நிரப்பினோம், பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அண்ணன் ஹேண்டில் போட்டார். பிடிக்கவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போட்டார். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. வேற ஆள் போடட்டும்ணே என்று மட்டும் சொன்னேன். இதோட குணம் எனக்குத்தான் தெரியும் என்றார். கடைசியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, கொதிக்கும்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டி, நாலரை மணிக்கு மில்லைக் காலி செய்தோம். டீ குடிக்கும்போது இடது தோள் அசதியாக இருக்கிறது என்றார். தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆறு மணிக்கெல்லாம் அவரைக் காரில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். இரண்டாம் நாள் பேசினார். அண்ணி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார்கள், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "மில்லு காலி பண்ணியாச்சா?" என்று கேட்டார். நீங்கள்தானே நின்று செய்தீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆச்சுண்ணே என்றேன். தலையை ஆட்டினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி படியேறி வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரத்திலும் நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, பல வருஷத்து அடைப்பு, ஹேண்டில் போட்டதால் வந்ததில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அதை நான் நம்புகிறேன். சில நாள் நம்பவில்லை.

சாவு வீட்டில் சித்தப்பா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பழைய இரும்ப கட்டிக்கிட்டு அழுதான், அதுவே அவன கொண்டு போயிடுச்சு. எல்லாம் புடிவாதம்." பதினாறாம் நாளுக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புது எஞ்சின் வாங்க மனசு வராமல் உயிரை விட்ட கஞ்சன் என்று ஒருவர், சொன்னால் கேட்காதவர் என்று ஒருவர். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நான் கேட்டேன். சித்தப்பா தம்ளருக்குச் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன்.

அதன்பிறகு தொழிலை நானும் அண்ணியும் நடத்துகிறோம். இப்போது கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. போகிற நாளில் மில் நிரப்புவதில்லை. எஞ்சின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று அண்ணி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பிரிக்கக் கிரிக்க வேணாம். அப்படியே தூக்கிட்டுப் போவச் சொல்லு" என்பார்கள். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் அது போய்விட்டால் நல்லது என்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை ஆள் வரச் சொல்லலாம் என்று போனை எடுக்கும்போதும் கை நின்றுவிடும். அது பழைய இரும்பாகப் போனால் சித்தப்பா சொன்னதுதான் கடைசி வார்த்தை என்று ஆகிவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் சூசை மேஸ்திரி துக்கம் கேட்க வந்தார். அவருக்குச் செய்தி தாமதமாகத்தான் போயிருக்கிறது. ஷெட்டுக்கு வந்து சாக்கை விலக்கிப் பார்த்தார். பிரிச்சுப் பாக்கட்டுமாம்மா என்று கேட்டார். பிரியுங்கள் என்றேன். என் வாயால் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

தலைப்பகுதியைக் கழற்றினார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடுக்கு முழுவதும் வெள்ளையாக அடைத்திருந்தது. பீங்கான் ஆகிவிட்டிருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு ஆயிரத்துக்கு மேல் சூடு வேண்டும். இது உலர்ந்து இறுகிய மண், அவ்வளவுதான். மேஸ்திரி உளியால் ஒரு சில்லு பெயர்த்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது உப்பு இல்லம்மா. உங்க மாவு" என்றார். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டே சுவர் வரைக்கும் போனார், அந்தப் பக்கம் போனார், மூன்றாவது தொட்டியிலிருந்து அதன் நுனியை இழுத்தார்.

குழாயின் நுனியில் ஒரு பை கட்டியிருந்தது. மெருகுக் கலவையை வடிகட்ட நாங்கள் பயன்படுத்தும் மெல்லிய சல்லடைத் துணி, இரண்டு மடிப்பாக வைத்துப் பை போலத் தைத்தது. வாயைச் செம்புக் கம்பியால் இறுக்கியிருந்தது. கம்பி முறுக்கு இடது பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் ஷெட்டில் இடது கைக்காரர் அண்ணன் ஒருவர்தான். பையின் மேல் விரற்கடை கனத்துக்கு மண் ஏறியிருந்தது.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. குழாயை எடுத்து வெளியே போட்டால் நான் பார்த்துத் தலைகுனிவேன் என்று, அது இருந்த இடத்திலேயே விட்டு, மேற்கொண்டு மண் போகாமல் பை கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் என்னிடம் வந்து சரி பண்ணலாமா, புதுசு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் பாக்கலாம்ணே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை எதிரில் வைத்தேன். அதன் ஓரத்தில் நீல நூலில் இரட்டைத் தையல் ஓடியிருந்தது. அண்ணி தைத்துக் கொடுக்கும் என் ஜாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் ஓடும் அதே தையல்.

"பிரிச்சிட்டியா?" என்றார்கள் அண்ணி.

பிறகு அவர்களே சொன்னார்கள். ஆடி மாசத்தில் அண்ணன் அந்தத் துணியைக் கொண்டுவந்து பை தைக்கச் சொல்லியிருக்கிறார். எதுக்கு என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவளே வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். எஞ்சினைப் பிரிக்காமல் தூக்கிப் போடச் சொன்னதும் அதற்காகத்தான். பிரித்தால் மண் தெரியும், மண் தெரிந்தால் நான் தெரிவேன்.

சித்தப்பா அப்படிப் பேசும்போதுகூட ஏன் அண்ணி சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லாதன்னுட்டுப் போயிட்டாரே. இனிமே சொல்லலாமான்னு யாருகிட்ட போயி கேக்கறது?"

கட்டின புருஷனைக் கஞ்சன் என்றும் பிடிவாதக்காரர் என்றும் கூடத்தில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு, ஒரு வருஷமாக அவர்கள் சோறு போட்டிருக்கிறார்கள். என்னோடு ஒன்றாக ஷெட்டுக்கு வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அண்ணன் மேல் வந்தது. ஒரு தடவை திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். இப்படி ஒருவர் காத்துக்கொண்டிருந்தால், மற்றவர் என்னதான் செய்வது? கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. கீழே உட்கார்ந்து அண்ணியோடு உளுந்து பார்த்தேன்.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். அண்ணன் அவர்கள் பிடிவாதத்தால் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டிருக்கவில்லை. புதியது வாங்க மனமில்லாதவரும் அல்லர். அந்த எஞ்சினைக் கெடுத்தது நான். அதை நான் சொல்வதற்காக அவர் காத்திருந்தார். அவரைப் பற்றி வேறு விதமாகப் பேசியவர்கள் இனி என்னைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். சித்தப்பா பேரை மட்டும் போடாதே, நாலு சித்தப்பாவில் யாரோ ஒருத்தர் என்று இருக்கட்டும் என்றார்கள். அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணனைக் கடலூருக்குக் கொண்டு சென்ற காரின் டிரைவருக்கும், மூன்று நாளும் வராந்தாவில் காத்திருந்த தொழிற்பேட்டை நண்பர்களுக்கும், கரையில் கடைசி வரை நின்றவர்களுக்கும், மழையில் பந்தல் தாங்கிப் பிடித்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் கேட்க வந்து, இரண்டு நாள் தங்கி, மண்ணைச் சுரண்டிக் கழுவி, ரிங் மாற்றிக் கொடுத்த சூசை மேஸ்திரிக்கு நன்றி. ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மேஸ்திரி சரி செய்து கொடுத்த பிறகும் தொடாமல் வைத்திருந்த எஞ்சின் போன வாரம்தான் ஓடியது. நான்தான் ஹேண்டில் போட்டேன், மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து ஷெட்காரர் ஓடி வந்து வாசலில் நின்றார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அண்ணே, நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க. சரி பண்ணலாம்ணே. கொழாய அந்தத் தொட்டியில போட்டது நான்தான்.